இரண்டு கட்ட வரம்பு

05.10.2024, சனி

மாங்குளத்தில் இறங்கும்போதே கிளிநொச்சி பஸ் கண்ணுக்கு முன்னால் புறப்பட்டுப் போனது. இருபது நிமிடம் பிந்தித்தான் கணினி நிலையத்தில் நிரல் எழுதப் பழக்கும் வகுப்புக்குள் நுழைந்தேன். சிவரூபி மிஸ் வெறுமையாக இருந்த கதிரையைக் கண்ணால் காட்டினார்.

புது ஒப்படை. சதுரங்கப் பலகையில் ஒரு குதிரை நிற்கிறது. அது நிற்கும் கட்டத்தைச் சொன்னால், அடுத்த பாய்ச்சலில் எந்தெந்தக் கட்டத்துக்குப் போகலாம் என்று கணினி காட்ட வேண்டும். இருபத்திரண்டாம் திகதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். "இவ்வளவு நாளும் நான் எழுதினதைப் பாத்து எழுதினீங்கள். இது நீங்களாச் செய்யிற முதல் ஒப்படை" என்றார். வருகிற வருடம் நிரல் எழுதும் நிறுவனத்தில் பயிற்சி வேலைக்கு ஆறு பேரைத் தெரிவு செய்யும்போது இந்தப் புள்ளியையும் பார்ப்பார்களாம்.

பிறகு கேட்டார். "சதுரங்கம் விளையாடத் தெரியாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

இருபத்தேழு பேரில் ஒருவரும் உயர்த்தவில்லை. நானும்தான்.

எனக்குச் சதுரங்கம் தெரியாது.

ஏன் உயர்த்தவில்லை? பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே கேள்வி. எனக்கு முப்பத்துமூன்று வயது. மற்றவர்களுக்கு இருபது, இருபத்தொன்று. முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒரு பெடியன் என்னைப் படிப்பிக்க வந்தவர் என்று நினைத்து எழும்பி நின்றான். அதற்குப் பிறகு இந்தக் கை இலேசில் உயருமா?

06.10.2024, ஞாயிறு

இவருக்குத் தெரிந்திருக்கிறது! ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது சும்மாதான் கேட்டேன். "ஜெயந்தன், உங்களுக்குச் சதுரங்கத்தில குதிரை எப்பிடிப் போகும் எண்டு தெரியுமே?" சோற்றுக் கையாலேயே மேசையில் கீறிக் காட்டினார். "ரெண்டு கட்டம் நேர. பிறகு ஒண்டு பக்கத்துக்கு. இடையில ஆர் நிண்டாலும் மேலால பாயும். குதிரை மட்டும்தான் அப்பிடி."

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, பசளைப் பையின் உட்பக்கத்தில் அடிமட்டம் வைத்து அறுபத்துநான்கு கட்டமும் கீறித் தந்தார். குதிரைக்கு ஒரு சோடா மூடி. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"செட்டிகுளத்தில. முகாமில. பக்கத்து ரென்ரில ஒரு ஐயா இருந்தவர். சீனிப் பெட்டி மட்டையில பலகை கீறி வைச்சிருந்தவர்."

"அவர் இப்ப எங்க?"

"தெரியாது. வேற முகாமுக்கு மாத்தினவங்கள்."

அவ்வளவுதான். கோடுகளை இன்னொரு தடவை பேனையால் அழுத்திக் கீறினார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வருடத்தைப் பற்றி நானும் அவரிடம் அதிகம் சொன்னதில்லை. நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்பது அவருக்குத் தெரியும். 2009 ஆவணியில் எழுத இருந்த சோதினையை எழுதவில்லை என்பதும் தெரியும். அந்தக் கொப்பிகளை எந்த ஊரில் எந்தப் பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு எழும்பி ஓடினேன் என்பது தெரியாது.

நடுக்கட்டத்தில் மூடியை வைத்து எண்ணினேன். எட்டு இடம்.

08.10.2024, செவ்வாய்

நான் படிப்பிக்கும் முன்பள்ளியின் முற்றத்து மணலில் தடியால் பெரிய பலகை ஒன்று கீறினேன். குதிரையாக நானே நின்று பாய்ந்து பார்த்தேன். ஒன்பது பிள்ளைகளும் பின்னால் பாய்ந்தார்கள். ஒருத்தி குறுக்கால் ஓட, மற்றவள் "டீச்சர் சொன்ன மாதிரி ஓடு, பிழை பிழை" என்று கத்தினாள். பத்து நிமிடத்தில் கோடெல்லாம் அழிந்துபோயிற்று. ஆனால் மூலைக்கு வந்தபோது ஒன்று விளங்கியது. மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே இடம்தான். மற்ற ஆறு பாய்ச்சலும் வேலிக்கு அங்கால் விழுகிறது.

பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்தில் இருந்து வந்தவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போனார். ஒன்பது பேருக்கு ஒரு முன்பள்ளி நடத்த ஏலாதாம். மார்கழியோடு மூடி, பிள்ளைகளை ஒட்டுசுட்டான் முன்பள்ளியோடு சேர்ப்பார்களாம். அங்கே ஏற்கெனவே இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள்.

"உங்களுக்கு வேற ஏதும் பாப்பம் டீச்சர்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்படியென்றால் பயிற்சி வேலைக்கு எடுக்கும் ஆறு பேரில் நான் இருக்கத்தான் வேண்டும்.

10.10.2024, வியாழன்

வாணி விழா. பிள்ளைகளுக்கு அவல், கடலை. எனக்குத் தலையிடி. குதிரையை எண்ணால் எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்திருக்கிறேன், அவலுக்குச் சீனி போட மறந்துவிட்டேன்.

12.10.2024, சனி

நிலையத்தில் ஏழாம் இலக்கக் கணினி. பலகைக்குக் குறுக்கே எட்டு வரிசை, நெடுக்கே எட்டு வரிசை. கணினி பூச்சியத்தில் இருந்து எண்ணும், அதனால் பூச்சியம் முதல் ஏழு. பாய்ச்சல் எட்டையும் கூட்டல் கழித்தலாக எழுதினேன். நடுவில் வைத்தால் எட்டு இடமும் சரியாகக் காட்டியது. சந்தோசத்தில் பக்கத்தில் இருந்த நிருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் நாள் எழும்பி நின்ற அதே பெடியன். "அக்கா கலக்குறீங்கள்" என்றான்.

பிறகு மூலையில் வைத்தேன். இரண்டுதானே வர வேண்டும்? எட்டு என்கிறது! குதிரை இடப்பக்கத்தால் வெளியே விழுந்து வலப்பக்கத்தால் உள்ளே வருகிறது. எதிர் மூலையில் வைத்தால் ஒன்றும் காட்டாமல் சிவப்பு எழுத்தில் பிழை என்று நின்றுவிடுகிறது.

ஒரே பலகை. ஒரு மூலையில் பொய் சொல்கிறது, மற்ற மூலையில் விழுந்து படுக்கிறது. சிவப்பு எழுத்தாவது பரவாயில்லை, பிழை என்று சொல்கிறது. பொய்தான் பயம்.

மிஸ்ஸைக் கேட்டேன். "கழித்தல் ஒண்டு எண்டால் அது கடைசியில இருந்து எண்ணும். அதை நீங்கள்தான் தடுக்கோணும்" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

14.10.2024, திங்கள்

தடுக்கிறேன், தடுக்கிறேன். இப்படியென்றால் விடு, அப்படியென்றால் விடு என்று பதினாறு நிபந்தனை எழுதிவிட்டேன், அதுவும் போனின் சின்னத் திரையில். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பிழைக்கிறது. இப்போது நடுவில் நிற்கும் குதிரைக்கும் ஆறு இடம்தான் காட்டுகிறது.

எல்லாவற்றையும் அழித்தேன். ஓம், எல்லாத்தையும். எனக்கு உது சரிவராது எண்டு ஒரு பக்கம் மனம் சொல்லுது. சரிவராமல் எங்க போறது? விடமாட்டன்.

16.10.2024, புதன்

பின்னேரம் வயலுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். விதைப்புக்கு முன்னர் இவர் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். யானை மிதித்த இடத்தில் வரம்பு நொறுங்கிப் பக்கத்து வயலுக்கு வழி விட்டிருந்தது. "பழைய அகலம் காணாது. யானை கால் வைச்சாலும் வரம்பிலதான் வைக்கோணும், அங்கால போகக்கூடாது" என்று மண்ணை வெட்டிப் போட்டார்.

நான் கேத்திலோடு அப்படியே நின்றேன்.

பலகைக்கு வரம்பு கட்டினால்?

குதிரை ஒரு பாய்ச்சலில் இரண்டு கட்டத்துக்கு மேல் வெளியே போகாது. சுற்றிவர இரண்டு கட்ட அகலத்துக்கு வரம்பு கட்டினால் எந்தப் பாய்ச்சலும் வரம்பைத் தாண்டி விழாது. விழுந்த கட்டம் வரம்பா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். வரம்பென்றால் விடு. வயலென்றால் காட்டு. எட்டும், அந்தப் பக்கம் இரண்டும் இந்தப் பக்கம் இரண்டும், பன்னிரண்டு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பலகை.

"என்ன, தேத்தண்ணி தாறதோ இல்லையோ?" என்று கேட்டார். கேத்திலை வரம்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். கோப்பையை என் கையிலேயே கொண்டு வந்துவிட்டேன், பாவம். அவர் கேத்திலின் மூடியில் ஊற்றிக் குடித்தாராம்.

19.10.2024, சனி

வேலை செய்கிறது. நான்கு மூலையிலும் இரண்டு. ஓரத்தில் மூன்று, நான்கு. நடுவில் எட்டு. அறுபத்துநான்கு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வரம்புக் கட்டங்களுக்கு ஆங்கில எழுத்தில் "வரம்பு" என்றே பெயர் வைத்திருக்கிறேன்.

ஒரு குறை. யாராவது இல்லாத கட்டத்தைத் தட்டினால் என் நிரல் குழம்புகிறது. "அப்படிக் கட்டம் இல்லை" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். நேரம் போய்விட்டது, மாங்குளத்தில் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், விட்டால் ஆறு மணிக்குத்தான். என்னிடம் பென் டிரைவ் இல்லை. திரையைப் போனில் மூன்று படம் பிடித்துக்கொண்டு, கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மிச்சத்தை வீட்டில் போனில் எழுதலாம்.

20.10.2024, ஞாயிறு

மத்தியானம் இடி. தொலைபேசிக் கோபுரத்தில் விழுந்துவிட்டதாம். கவரேஜ் இல்லை. நிரலைப் போனில் எழுதி முடித்தேன். ஏற்ற வழியில்லை.

21.10.2024, திங்கள்

இன்றைக்கும் இல்லை.

22.10.2024, செவ்வாய்

கடைசி நாள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் மற்றக் கோபுரத்தின் கவரேஜ் கொஞ்சம் வரும் என்று பக்கத்து வீட்டு கௌசலா சொன்னா. முன்பள்ளி முடிந்ததும் சைக்கிளில் போனேன். ஒரு கோடு வரும், போகும். கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு கட்டின் மேல் முக்கால் மணித்தியாலம் நடந்தேன். மீன் பிடித்துக்கொண்டு இருந்தவர் "பிள்ளை, என்ன நேர்த்தியோ?" என்று கேட்டார்.

நாலு பத்துக்கு ஏறியது.

25.10.2024, வெள்ளி

மிஸ் எடுத்தவா. கோபுரம் வேலை செய்யத் தொடங்கி முதல் வந்த அழைப்பே இது.

"தாட்சாயினி, உங்கட ஒப்படையும் நிருஷன்ர ஒப்படையும் ஒண்டு. மற்ற இருபத்தைஞ்சு பேரும் வேற வழியில செய்திருக்கினம். பன்னிரண்டு கட்டப் பலகை உங்கட ரெண்டு பேரிட்டத்தான் இருக்கு. அவர் ஞாயிற்றுக்கிழமையே ஏத்திட்டார். நீங்கள் செவ்வாய்."

நான் என்ன சொன்னேன்? "மிஸ், மிஸ்" எண்டு மட்டும் சொன்னனான். நாளைக்கு வாங்கோ, கதைப்பம் எண்டா.

அவன் எனக்குப் பக்கத்தில இருந்தவன். கணினியை மூடாமல் விட்டிட்டு ஓடினனான். எங்கட பஸ்ஸும் அந்தப் பாழாய்ப்போன நேரமும்.

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "நீர் செய்ததோ?" என்றார்.

நீங்களே இப்படிக் கேட்டால்!

அழுதுவிட்டேன். குசினிக்குள் போய்த்தான். பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். "நான் வேற மாதிரிக் கேக்கேல்லை. நீர் செய்ததெண்டால் பிறகேன் அழுறீர்? போய்ச் சொல்லும்."

26.10.2024, சனி

சொல்ல முடியவில்லை.

மிஸ், நிருஷன், நான். சின்ன அறை. மிஸ் கேட்டவுடன் அவன் முந்திக்கொண்டான். "அக்கா என்ர ஸ்கிரீனைப் படம் எடுத்தவா மிஸ். போனில இருக்கும், பாருங்கோ."

மிஸ் என் போனைக் கேட்டார். படம் இருந்தது. மூன்று படம், திகதியோடு. நான் பிடித்த படம், என் திரை, என் நிரல். அது எனக்கு எதிராகவே மேசையில் கிடந்தது. கதவுக்கு வெளியே நின்ற பெட்டைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

"நான்தான் செய்தனான்" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

அடுத்த சனி ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வரட்டாம், கேள்வி கேட்பாராம். அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் பூச்சியம்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தேன். படிக்க வேண்டிய நேரத்தில் ஓடினோம். இப்போது இருந்து படிக்கும்போது கள்ளி என்கிறார்கள். திரும்பிப் போகாமல் விட்டால் என்ன? மார்கழிக்குப் பிறகு வீட்டில் இருக்கலாம், கோழி வளர்க்கலாம். பஸ் ஒட்டுசுட்டானுக்கு வருமட்டும் அப்படித்தான் யோசித்தேன்.

ஆனால் நான் போகாவிட்டால் அது அவனுடையதாகிவிடும். அந்த வரம்பு அவனுடையதாகிவிடும்.

28.10.2024, திங்கள்

பிள்ளைகள் போன பிறகு முன்பள்ளிக் கரும்பலகையில் நிரல் முழுவதையும் மனப்பாடமாக எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எழுதத் தெரியும். வாயால் சொல்லத்தான் எனக்கு வருவதில்லை. கதிரைகளுக்கு முன்னால் நின்று சொன்னேன். ஒன்பது சின்னக் கதிரைகள்.

30.10.2024, புதன்

இன்று இவர் அந்தச் சின்னக் கதிரைகளில் ஒன்றில் வந்து இருந்தார். முழங்கால் நாடிக்கு முட்டியது. "நான் மிஸ் எண்டு நினைச்சுக்கொள்ளும். சொல்லும்" என்றார்.

சொன்னேன். நடுவில் நிறுத்தி, "ஏன் ரெண்டு? ஒண்டு காணாதோ?" என்று கேட்டார். விளங்கித்தான் கேட்டார். ஒரு அடுக்கு வரம்பென்றால் குதிரை அதை ஏறிப் பாய்ந்து அங்கால் விழும் என்றேன். "சரியான கதை" என்றார்.

நாளைக்குத் தீபாவளி. ஒன்றும் வாங்கவில்லை. முறுக்குக்கு மட்டும் மா இடித்து வைத்திருக்கிறேன்.

02.11.2024, சனி

முதல் பஸ்ஸுக்காக விடியவே எழும்பினேன். இன்றைக்கு வயலில் விதைப்பு. ஆட்களையும் பிடித்தாயிற்று. நான் சைக்கிளை எடுக்கப் போக, இவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "வெளிக்கிடும். காட்டுக்கரையில ரெண்டு நாளா யானை நிக்குது." சந்தியில் இறக்கிவிட்டுவிட்டு, பஸ் வரும்வரை நின்றார்.

ஒன்பது மணி. அதே அறை. மிஸ் முதலில் நிருஷனைக் கேட்டார்.

"உங்கட பலகை ஏன் பன்னிரண்டு?"

"பெரிசா இருந்தால் பிழை வராது மிஸ்."

"அப்ப பதினொண்டு எண்டால் காணுமோ?"

கொஞ்சம் யோசித்தான். "காணும் மிஸ்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "தாட்சாயினி?"

வாயால் வராது என்று தெரிந்துவிட்டது. எழும்பினேன். "மிஸ், பேனையைத் தாங்கோ" என்றேன். வெள்ளைப் பலகையில் கோடு நேராகத்தான் வந்தது. எட்டுக்கு எட்டு வயல், சுற்றிவர இரண்டு அடுக்கு வரம்பு. கீறக் கீறச் சொல்லும் வந்துவிட்டது.

"பதினொண்டு எண்டால் ஒரு பக்கத்தில வரம்பு ஒண்டுதான் வரும் மிஸ். அந்தக் கரையில குதிரை வெளியில விழும். முன்னுக்கு எண்டால் மற்றப் பக்கத்தால உள்ளுக்கு வந்து அங்கத்தை வரம்பில விழும், அது தற்செயல்; பின்னுக்கு எண்டால் பிழை காட்டி நிக்கும். வரம்பில்லாத பலகையில ரெண்டு பக்கத்தாலயும் விழுந்து பாத்தனான்."

"ஏன் ரெண்டு அடுக்கு?"

"குதிரை ஒரு பக்கமா ஆகக் கூடப் போறது ரெண்டு கட்டம். அதாலதான்."

மிஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "சரி. மூண்டு கட்டம் நேரயும் ஒரு கட்டம் பக்கத்துக்கும் பாயிற ஒரு குதிரை எண்டு வையுங்கோ. இப்ப என்ன செய்வீங்கள்?"

இது நான் கதிரைகளுக்குச் சொல்லிப் பார்க்காத கேள்வி. ஆனால் பதில் கையில் இருந்தது. "வரம்பு மூண்டு அடுக்கு. பலகை பதினாலு. பாய்ச்சல் எழுதின வரியில ரெண்டு இருக்கிற இடமெல்லாம் மூண்டாக்கோணும். கேக்கிற கேள்வி அதேதான் மிஸ், அது மாறாது."

மிஸ் நிருஷனைப் பார்த்தார். அவன் மேசையின் ஓரத்தை நகத்தால் கிளறிக்கொண்டு இருந்தான்.

"நீங்கள் போகலாம் தம்பி. வேற ஒரு ஒப்படை தருவன். அதை இஞ்ச இருந்து செய்யோணும்."

அவன் போன பிறகு மிஸ் என்னிடம் கேட்டார். "உது எங்க படிச்சனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை மிஸ். எங்கட வயல் அப்பிடித்தான்."

சிரித்தார். பெரிய சதுரங்க நிரல்களிலும் இப்படி ஓரத்தில் வரம்பு கட்டுவார்களாம், கன வருடமாக இருக்கிற வழிதானாம். எனக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. நான்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேனே!

எண்பத்தெட்டுப் புள்ளி. இல்லாத கட்டத்துக்குச் சொன்ன வசனத்தில் எழுத்துப்பிழையாம். அதற்குக் குறைத்துவிட்டார்.

09.11.2024, சனி

தேத்தண்ணி இடைவேளையில் நிருஷன் வந்து முன்னால் நின்றான். "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குச் சரிவரேல்லை, நாள் முடியுது, ஏழாம் நம்பரில திறந்தபடி கிடந்தது..."

நான் நிறையச் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். ஒரு கிழமையாக மனத்துக்குள் ஏசி வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சின்னப் பெடியன்.

"எடுத்ததை விடும். கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பன். நான் உம்மட்டத் திருடினனான் எண்டு சொன்னீரே, படம் எடுத்தவா எண்டு. அதுக்குத்தான் எனக்குக் கோபம். கதவு திறந்திருந்தது. அந்தப் பிள்ளையள் எல்லாம் கேட்டவை."

"நான் என்ன செய்ய அக்கா?"

"என்னட்டச் சொன்னதை அவையளுக்கும் சொல்லும்."

முகம் கறுத்துப் போனது. திரும்பிப் போய்விட்டான்.

நான் கூடிப்போய்விட்டேனா? அவனுக்கும் அந்த ஆறில் ஒரு இடம் வேண்டும்தானே. வீட்டில் என்ன நிலைமையோ. ஆனாலும் இல்லை. நான் கேட்டது சரிதான்.

16.11.2024, சனி

சொன்னான். மிஸ் வர முன்னர், எல்லோரும் இருக்கும்போது, எழும்பி நின்று சொன்னான். "அந்த ஒப்படை தாட்சாயினி அக்கா செய்தது. நான்தான் அவாவின்ரயை எடுத்தனான். படக் கதையும் பொய்." கதிரையில் இருந்துவிட்டான்.

எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் நின்ற நிலை... அவ்வளவு பேருக்கு முன்னால் என்னால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா? தெரியாது.

கொஞ்ச நேரத்தால், அவனுடைய புது ஒப்படையில் ஒரு வரி சரிவராமல் இருந்ததைக் கண்டேன். எதில் பிழை என்று சொல்லவில்லை. எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் விரலால் காட்டினேன்.

28.11.2024, வியாழன்

நான்கு நாளாக மழை. வயல் தெரியவில்லை, குளமும் வயலும் ஒன்று. பஸ் இல்லை. இவர் படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

01.12.2024, ஞாயிறு

தண்ணீர் இறங்குகிறது. முக்கால்வாசிப் பயிர் நிற்கிறதாம். கால்வாசி போய்விட்டது. "நிக்கிறதைப் பாப்பம்" என்றார்.

13.12.2024, வெள்ளி

முன்பள்ளியின் கடைசி நாள். பெற்றோர் கேக் கொண்டுவந்தார்கள். ஒரு தாய் அழுதா, நானும். கதிரைகளை எண்ணி ஒப்படைத்துக் கதவுத் திறப்பைக் கொடுத்தேன்.

நாளைக்கு வகுப்பு இருக்கிறது. அது நல்லது.

11.01.2025, சனி

பயிற்சி வேலைக்கான நேர்முகம். மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினைஞ்சு வருசம் இடைவெளி இருக்கே, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"உயிரோட இருந்தனான் சேர். பிறகு பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயந்தேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். அடுத்தவர், முதல் பஸ் எத்தனை மணிக்குக் கிளிநொச்சிக்கு வரும் என்று கேட்டார். எட்டே முக்கால் என்றேன். வேலை எட்டு மணிக்குத் தொடங்குகிறதாம். "அப்ப நான் பின்னேரம் முக்கால் மணித்தியாலம் பிந்தி வெளிக்கிடுவன் சேர். ஆனா மாங்குளத்தில கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதுக்கு மட்டும் விடோணும்." இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கெஞ்சவில்லை.

20.01.2025, திங்கள்

மிஸ் எடுத்தார். ஆறு பேரில் ஐந்தாவது பெயர் என்னுடையது. நிருஷன் இல்லை. அடுத்த பிரிவில் திரும்பப் படிக்கப் பதிந்திருக்கிறானாம்.

இவர் வயலில் இருந்தார். போய்ச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எப்ப தொடங்குது?" என்றார். மூன்றாம் திகதி என்றேன். "அப்ப அதுக்குள்ள சைக்கிளுக்கு லைற் பூட்டோணும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் பிறகு தண்ணீர் குடிக்கும்போது பக்கத்து வயல்காரருக்குச் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

03.02.2025, திங்கள்

முதல் நாள். ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சொன்னதும் விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து வீட்டிலேயே விட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

11.02.2025, செவ்வாய்

இன்றைக்குக் கூட்டத்தில், "எனக்கு இது தெரியாது, திரும்பச் சொல்லுங்கோ" என்று கையை உயர்த்தினேன். திரும்பச் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

19.02.2025, புதன்

ஒரு மருத்துவ நிலையத்துக்குச் செய்த நிரலில், நோயாளிகள் அடுத்த முறை வர வேண்டிய திகதி மாசக் கடைசியில் பிழைக்கிறது. இரண்டு நாளாக ஒருவருக்கும் பிடிபடவில்லை. காலையில் என்னிடம் தந்தார்கள். தை, மாசி என்று ஒவ்வொரு மாசத்தின் கடைசி நாளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தோராம் திகதி வருகிற நோயாளியை அந்த நாள் இல்லாத மாசத்துக்கு அனுப்புகிறது. மூன்று நாற்பதுக்குப் பிடித்தேன். இரண்டு வரிதான் திருத்தம். திரும்பவும் எல்லா மாசத்தையும் போட்டுப் பார்த்தேன். சரி.

ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் தங்கள் திரையில் இருந்தார்கள். பக்கத்துக் கதிரைப் பிள்ளை மட்டும் திரும்பி, "முடிஞ்சுதோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம். அடுத்தது என்ன இருக்கு? தாங்கோ" என்றேன்.